காட்டுயிர்களைப் பற்றிப் பிள்ளைகள் என்ன நினைக்கிறார்கள்? முதல்முறை கருத்தாய்வு நடத்துபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் முதன்முதலில் தயாரித்த கேள்வித்தாளின் முதல் கேள்வி, "காட்டு விலங்குகளை நாம் பாதுகாக்க வேண்டுமா?" என்பது. வகுப்பு முழுக்க "ஆம்" என்று டிக் போட்டிருந்தது. இரண்டாவது, "காடுகளை அழிப்பது தவறா?" அதற்கும் ஆம். கடைசிக் கேள்விவரை அப்படியே போனது. தாள்களைக் கட்டி எடுத்துவந்து, இரண்டு நாள் உட்கார்ந்து கணினியில் ஏற்றிய பிறகுதான் உறைத்தது. அந்தப் பிள்ளைகளைப் பற்றி எனக்குப் புதிதாக ஒன்றுமே தெரியவரவில்லை. பெரியவர்கள் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும் என்பது மட்டும் தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்ள அவ்வளவு காகிதம் தேவையில்லை.

பள்ளியில் யார் எதைக் கேட்டாலும் அதற்கு ஒரு சரியான விடை இருக்கும் என்று பழகியவர்கள் பிள்ளைகள். நீங்கள் கருத்துக் கேட்டாலும் அவர்கள் விடையைத்தான் தேடுவார்கள். "எனக்குப் பாம்பைப் பிடிக்காது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை" என்று நினைக்கும் ஒரு பிள்ளை, அதைத் தயங்காமல் எழுத வேண்டும். கீழே நான் சொல்லும் ஏற்பாடுகளில் பெரும்பாலானவை அதற்காகத்தான்.

எதைத் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள்?

"பிள்ளைகளின் மனப்பான்மை" என்று தொடங்கினால் எங்கும் போய்ச் சேர முடியாது. அதற்குள் குறைந்தது நான்கு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. வௌவால் குட்டி போடுமா முட்டையிடுமா என்பது அறிவு. வௌவாலைப் பார்த்தால் அருவருப்பாக இருக்கிறதா என்பது உணர்வு. வௌவால் இருக்கட்டுமா வேண்டாமா என்பது மதிப்பீடு. வீட்டு மரத்தில் வௌவால் தொங்கினால் விரட்டுவாயா என்பது நடத்தை. ஒன்று கூடினால் மற்றொன்றும் கூடும் என்று நினைத்துவிடக் கூடாது. வௌவாலைப் பற்றி எல்லாம் தெரிந்த பிள்ளைக்கும் அதைக் கண்டால் பயம் இருக்கலாம்.

இந்தத் துறையில் அதிகம் பேசப்படும் பெயர் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீஃபன் கெல்லர்ட். விலங்குகள் மீது மனிதர்களுக்கு உள்ள பார்வைகளை அவர் பல வகைகளாகப் பிரித்தார். பாசம், அழகு, பயன், அறநெறி, அறிவியல் ஆர்வம், அடக்கியாளும் எண்ணம், வெறுப்பு அல்லது பயம் என்று அந்தப் பட்டியல் போகும். முழுவதையும் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. உங்கள் கேள்விகளை இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாமே பாசத்தையும் அறநெறியையும் மட்டும் தொட்டால், பயத்துக்கும் பயனுக்கும் இடமே இல்லை என்று அர்த்தம். நான் பார்த்த புதியவர்களின் கேள்வித்தாள்களில் பெரும்பாலானவை இந்த ஓட்டையோடுதான் இருந்தன.

சரி, உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். "காட்டு முகாமுக்குப் போய்வந்த பிறகு 10, 11 வயதுப் பிள்ளைகளுக்குப் பாம்பு மீதுள்ள பயம் குறைகிறதா?" என்று எழுத முடிந்தால் மேலே போகலாம். எழுத முடியவில்லை என்றால் இன்னும் ஒரு வாரம் யோசிப்பது நல்லது.

வயது

கெல்லர்ட் அமெரிக்காவில் 2, 5, 8, 11-ஆம் வகுப்பு மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 1985-இல் வெளியானது. அதில் ஒரு வரிசை தெரிந்தது. ஏறத்தாழ 6 முதல் 9 வயதுக்குள் விலங்குகள் மீதான உணர்ச்சி சார்ந்த அக்கறை கூடுகிறது. 10 முதல் 13 வயதுக்குள் தகவல் அறிவு பெருகுகிறது. அதற்குப் பிறகுதான் அறநெறியும் சூழலியல் புரிதலும் விரிகின்றன. எனவே 7 வயதுப் பிள்ளையிடம் உணவுச் சங்கிலியைப் பற்றிக் கருத்துக் கேட்பது வீண். அதே பிள்ளையிடம் "தவளையைத் தொடுவாயா?" என்று கேட்டால் பதில் கொட்டும்.

நடைமுறையில் நான் வைத்துக்கொள்ளும் கணக்கு இது. 7 வயதுவரை என்றால் தாளே வேண்டாம். படம், விளையாட்டு, பேச்சு போதும். 8 முதல் 10 வரை, சிறிய தாள், நீங்கள் உரக்க வாசிக்க அவர்கள் குறிக்க வேண்டும். 11 முதல் தாங்களே வாசித்து நிரப்பலாம். ஒரே தாளை 6 வயதுக்கும் 14 வயதுக்கும் கொடுத்துவிட்டு ஒப்பிடாதீர்கள். அது வாசிப்புத் திறனை அளந்ததாகத்தான் முடியும்.

அனுமதி

பள்ளி நிர்வாகத்தின் அனுமதி, பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம், பிள்ளையின் சொந்தச் சம்மதம் ஆகிய மூன்றும் வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லாரும் மறந்துவிடுவார்கள். தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டு என்று 1989-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. சொல்லாமல் இருக்கும் உரிமையும் அதோடு சேர்த்துத்தான். "வேண்டாம் என்றால் தாளைக் காலியாகக் கொடுக்கலாம், யாரும் திட்டமாட்டார்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். விலகிய பிள்ளை தனியாகத் தெரியாமல் இருக்க, அவர்களுக்கு வண்ணம் தீட்ட ஏதாவது ஒரு தாள் தயாராக இருக்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. "உங்கள் வீட்டில் யாராவது வேட்டைக்குப் போவார்களா?" "காட்டுக்கறி சாப்பிட்டிருக்கிறாயா?" இப்படிக் கேட்கவே கேட்காதீர்கள். பல நாடுகளில் இது சட்ட விவகாரம். பிள்ளை வெள்ளை மனதோடு எழுதிய ஒரு வரி அதன் அப்பாவைச் சிக்கலில் மாட்டிவிடக்கூடும். பிள்ளைக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி எழுதுவது

பாதி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

முதலில், "வேண்டும்" என்று முடியும் வாக்கியங்களைத் தூக்கிவிடுங்கள். "மரங்களைக் காக்க வேண்டும்", "விலங்குகளிடம் அன்பு காட்ட வேண்டும்" எல்லாம் சுவரில் எழுதப்படும் வாசகங்கள். அவற்றை மறுக்கும் துணிச்சல் பெரியவர்களுக்கே வராது. "நாம்" என்ற சொல்லும் அப்படித்தான். "நாம்" என்றதும் பிள்ளை கூட்டத்தோடு சேர்ந்து பதில் சொல்லும். "நான்", "எனக்கு" என்று மாற்றினால் கேள்வி தரைக்கு வரும். "பாம்புகளை நாம் கொல்லக் கூடாது" என்பதைவிட "பாம்பு வாழும் ஓர் இடத்துக்குப் பக்கத்தில் குடியிருக்க எனக்குச் சம்மதம்" என்ற வாக்கியம் பலமடங்கு தகவல் தரும்.

அடுத்தது, எதிர்மறை. "பாம்பைக் கொல்லக் கூடாது" என்ற வாக்கியத்துக்கு "இல்லை" என்று ஒரு பிள்ளை போட்டால், கொல்லலாம் என்கிறதா, கொல்லக் கூடாது என்கிறதா? பத்து வயதுக்குக் கீழே இதில் அநேகமாகக் குழப்பம் வரும். "கூடாது", "இல்லை", "மாட்டேன்" ஆகியவை கேள்வியில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் எல்லா வாக்கியமும் விலங்குக்கு ஆதரவாகவே இருந்தால், எல்லாவற்றுக்கும் ஆமாம் போடும் பிள்ளையைக் கண்டுபிடிக்க முடியாது. சிலவற்றைத் திருப்பிப் போட வேண்டும். எதிர்மறைச் சொல் இல்லாமலேயே திருப்பலாம்: "சிலந்தியைப் பார்த்ததும் நசுக்குவேன்."

மூன்றாவது நம் மொழிக்கே உரிய வம்பு. "காட்டுயிர்", "வனவிலங்கு" ஆகிய இரண்டு சொற்களிலும் காடு உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக் கூரையில் கூடு கட்டும் பறவை, குளத்துத் தவளை, ஜன்னலோரச் சிலந்தி எதுவும் பிள்ளையின் கணக்கில் காட்டுயிர் ஆகாது. "விலங்கு" என்றாலோ நான்கு கால் இருக்க வேண்டும். பறவையும் பூச்சியும் வெளியே நிற்கும். எனவே பொதுச் சொல்லை நம்பாமல் உயிரின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். பொதுச் சொல் தேவைப்பட்டால், தொடக்கத்திலேயே பத்துப் படங்களைக் காட்டி, "இவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் இன்றைக்குக் காட்டுயிர் என்று சொல்லப் போகிறேன்" என்று விளக்கிவிடுங்கள். "பல்லுயிர்ப் பெருக்கம்", "வாழிடம்", "அருகிவரும் இனம்" போன்றவை பாடப்புத்தகத்தை நினைவூட்டும். நினைவூட்டிய மறுகணம் பிள்ளை தேர்வு எழுதத் தொடங்கிவிடும். அதனாலேயே "வினாத்தாள்" என்ற சொல்லையும் நான் பிள்ளைகள் முன்னால் உச்சரிப்பதில்லை.

ஒரு கேள்வியில் ஒரு விஷயம். "யானையும் புலியும் பிடிக்குமா?" என்றால், யானை பிடித்து புலி பிடிக்காத பிள்ளை என்ன செய்யும்?

விலை இல்லாத கேள்விக்கு எல்லாரும் ஆமாம் என்பார்கள். அதனால் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டிய சூழலை வையுங்கள். "ஒருவர் ஆசையாக வளர்த்த ஆட்டைச் சிறுத்தை பிடித்துப் போய்விட்டது. அவர் என்ன செய்தால் சரி என்று நினைக்கிறாய்?" உங்கள் பிள்ளைகள் வாழும் இடத்தில் சிறுத்தை இல்லையென்றால் ஓநாயோ நரியோ வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு வரும் பதில்களை வாசிப்பதற்காகவே நான் இந்த வேலையில் இருக்கிறேன் என்றுகூடச் சொல்வேன்.

அப்புறம், எனக்கு மிகவும் உதவிய ஓர் உத்தி. உளவியலாளர் சூசன் ஹார்ட்டர் 1982-இல், பிள்ளைகள் தங்கள் திறமையைத் தாங்களே எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று அளக்க உருவாக்கிய வடிவம் அது. பின்னால் சுற்றுச்சூழல் மனப்பான்மையை அளக்கவும் எடுத்துக்கொள்ளப்பட்டது. இப்படிக் கேட்க வேண்டும்:

"சில பிள்ளைகளுக்குத் தவளையைக் கையில் எடுக்கப் பிடிக்கும். வேறு சில பிள்ளைகள் தவளையைக் கண்டால் தள்ளிப் போவார்கள். நீ யார் மாதிரி?"

பிள்ளை ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்ததும், "அப்படியே அவர்கள் மாதிரியா, கொஞ்சம் மட்டுமா?" என்று அடுத்த கேள்வி. இரண்டு பக்கத்திலும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நீங்களே சொல்லிவிடுவதால், தள்ளிப் போகும் பிள்ளைக்குக் கூச்சம் போய்விடும்.

தயாரான அளவுகோலை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். எடுக்கலாம். 1995-இல் வெளியான குழந்தைகளுக்கான சுற்றுச்சூழல் மனப்பான்மை மற்றும் அறிவு அளவுகோலில் 66 கேள்விகள் உள்ளன. சின்னப் பிள்ளைகளுக்கு ஒரே மூச்சில் அது அதிகம். பெரியவர்களுக்கென்று உள்ள "புதிய சூழலியல் கண்ணோட்டம்" என்ற அளவுகோலைப் பிள்ளைகளுக்காகச் சுருக்கி 2007-இல் 10 கேள்விகளாக வெளியிட்டார்கள். ஆனால் அது இயற்கையைப் பொதுவாகக் கேட்கிறது, தனித்தனி உயிர்களை அல்ல. எதை எடுத்தாலும் ஒருவர் தமிழாக்க வேண்டும், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை மறுபடி மூல மொழிக்கு மாற்ற வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால் எங்கே பிசகியது என்று தெரியும்.

விடைக் கட்டங்கள்

உளவியலாளர் ரென்சிஸ் லைக்கர்ட் 1932-இல் முன்வைத்த ஐந்து படி முறையைத்தான் எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். "முற்றிலும் உடன்படுகிறேன்" என்று தொடங்கும் அந்த நடை பிள்ளைகளுக்கு ஒத்துவராது. "ஆமாம், ரொம்ப", "ஆமாம், கொஞ்சம்", "அவ்வளவா இல்லை", "இல்லவே இல்லை" என்று நான்கே படிகள் வைத்துக்கொள்கிறேன். பக்கத்தில் தனியாக "தெரியவில்லை" என்று ஒரு கட்டம். நடுப்படி வைத்தால் தெரியாதவர்களும் சலித்தவர்களும் உண்மையிலேயே நடுவில் நிற்பவர்களும் அங்கேயே குவிந்துவிடுவார்கள்.

சிரிக்கும் முகம், அழும் முகம் படங்கள் அழகாகத்தான் இருக்கும். ஆனால் சிறு பிள்ளைகள் இருப்பதிலேயே பெரிதாகச் சிரிக்கும் முகத்தை எல்லாவற்றுக்கும் தேர்ந்தெடுப்பார்கள். முகங்களை வைத்துப் பிள்ளைகளிடம் அளவெடுத்த ஆய்வாளர்கள் பலமுறை கண்ட விஷயம் இது. அதைவிட, சின்ன வட்டத்திலிருந்து பெரிய வட்டம்வரை நான்கு வட்டங்கள் வரைந்து "எவ்வளவு?" என்று கேட்பது எனக்குச் சரியாக வந்திருக்கிறது.

தாளை ஓரமாக வைத்துவிட்டும் கேட்கலாம்

படம் வரையச் சொல்வது பழைய முறை, இன்றும் நல்ல முறை. 3 முதல் 11 வயதுப் பிள்ளைகள் வரைந்த மழைக்காட்டுப் படங்களை ஆராய்ந்து 2008-இல் ஓர் ஆய்வு வெளியானது. பாலூட்டிகளும் பறவைகளும் ஊர்வனவும் படங்களில் தாராளமாக இருந்தன. உண்மையான காட்டில் பெரும்பங்கு வகிக்கும் எறும்பு போன்ற பூச்சிகளும் மண்புழு இனங்களும் படங்களில் குறைந்துபோயிருந்தன. கேள்வி கேட்டிருந்தால் இது வந்திருக்காது. படங்களை எண்ணும்போது இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி ஒப்பிடுங்கள். ஒருவருக்கு நாயாகத் தெரிவது மற்றவருக்குப் புலியாகத் தெரியும்.

இன்னொன்று, விதை பங்கிடும் விளையாட்டு. யானை, தேனீ, வௌவால், தவளை, கழுகு என ஐந்து படங்கள். பிள்ளையின் கையில் பத்து விதைகள். "இவற்றைக் காப்பாற்ற உன்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. எதற்கு எத்தனை?" வைத்து முடித்த பிறகு "ஏன்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். படத் தேர்வில் கவனம் வேண்டும். யானைக்குட்டி தாயின் காலடியில் நிற்கும் படத்தையும் வௌவால் பல்லைக் காட்டும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நீங்கள் அளப்பது புகைப்படக்காரரின் திறமையைத்தான். எல்லாம் ஒரே அளவு, ஒரே தூரம், சாதாரணமாக நிற்கும் நிலை.

உள்ளூர் உயிர்களைக் கட்டாயம் சேருங்கள். பிரான்ஸ் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், திரையில் பார்த்துப் பழகிய தொலைதூர விலங்குகளைக் காப்பதற்குத்தான் அவர்கள் முன்னுரிமை தந்தார்கள். இங்கிலாந்தில் 2002-இல் வந்த ஆய்வு இன்னும் வேடிக்கையானது. 8 வயதுப் பிள்ளைகளால் போக்கிமான் பாத்திரங்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தை அடையாளம் சொல்ல முடிந்தது, சாதாரண உயிரினங்களில் பாதியைக்கூடச் சொல்ல முடியவில்லை. படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லாத பிள்ளையிடம் அந்த உயிரைப் பற்றிக் கருத்துக் கேட்டுப் பயனில்லை. எனவே நான் எப்போதும் "இது என்ன?" என்பதை முதலில் கேட்டுவிடுவேன்.

ஒத்திகை

ஐந்தாறு பிள்ளைகள் போதும். ஒவ்வொருவராக உட்கார வைத்து, கேள்வியை வாசித்துவிட்டு, "இது என்ன கேட்கிறது, உன் வார்த்தையில் சொல்லு" என்று கேளுங்கள். "காட்டைப் பாதுகாக்க நேரம் செலவிடுவேன்" என்ற என் வாக்கியத்தை ஒரு சிறுவன் "காட்டுக்குக் காவலுக்குப் போவேன்" என்று சொன்னான். "ராத்திரியிலுமா?" என்று திருப்பிக் கேட்டான். அன்றே அதை மாற்றினேன்.

அந்த நாள்

வகுப்பாசிரியர் அறையில் இருந்தால் பிள்ளைகள் அவருக்காக எழுதுவார்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு இன்னொரு பெரியவர் உடனிருக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் மதிப்பெண் போடுபவராக இல்லாமல், மேசைகளுக்கு நடுவே நடக்காமல் ஓரமாக இருக்கட்டும். நீங்களும் யானை படம் போட்ட சட்டையோடு போகாதீர்கள். "காட்டுயிர் பாதுகாப்பு அமைப்பிலிருந்து வருகிறேன்" என்று அறிமுகப்படுத்திக்கொண்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. "பிள்ளைகள் வெவ்வேறு உயிர்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வந்தேன், சரி தப்பு கிடையாது, பெயர் எழுத வேண்டாம்" என்றால் உண்மையும் சொன்னதாகும்.

நேரம் 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். படத்தைக் காட்டிப் பெயர் கேட்பது தவிர மற்ற அறிவுக் கேள்விகளைக் கடைசியில் வையுங்கள். முன்னால் வைத்தால் தேர்வு மனநிலை ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதுவதைத் தடுக்க, கேள்விகளின் வரிசையை மாற்றி இரண்டு வகைத் தாள் அச்சிடலாம். ஆனால் நீங்கள் உரக்க வாசிக்கும் வயதினருக்கு இது சரிப்படாது. அவர்களைத் தள்ளி உட்கார வைப்பதுதான் வழி. முடிந்ததும் தாளை அவர்களே ஒரு பெட்டியில் போடட்டும்.

எண்ணுவது

ஒரு வகுப்பின் முப்பது தாள்களை வைத்து "பிள்ளைகள் இப்படி நினைக்கிறார்கள்" என்று எழுதாதீர்கள். "இந்த வகுப்புப் பிள்ளைகள்" என்று எழுதுங்கள். எதேச்சையாகத் தேர்ந்தெடுத்த 100 பேரிடம் கேட்டாலே சதவீதம் ஏறத்தாழ 10 புள்ளி மேலே கீழே ஆடும். 400 பேர் என்றால் 5 புள்ளி. ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒரே ஆசிரியரிடம் படித்து, ஒரே கதையைப் பேசிக்கொள்பவர்கள் என்பதால் உண்மையான ஆட்டம் இதைவிட அதிகம். ஒரே வகுப்பில் நிறையப் பேரைச் சேர்ப்பதைவிட நிறைய வகுப்புகளைச் சேர்ப்பது மேல்.

திருப்பிப் போட்ட வாக்கியங்களின் மதிப்பெண்ணைத் திருப்ப மறக்காதீர்கள்: "ஆமாம், ரொம்ப" என்பதற்கு மற்றவற்றில் 4 என்றால் இவற்றில் 1. எல்லாவற்றுக்கும் ஒரே கட்டத்தில் டிக் போட்ட தாள்களைத் தனியாக எடுத்து வையுங்கள். பல கேள்விகளைக் கூட்டி ஒரே எண்ணாக்கும் முன் அவை ஒரே விஷயத்தைத்தான் தொடுகின்றனவா என்று பார்க்க, குரோன்பாக் ஆல்ஃபா என்ற கணக்கு 1951 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. 0.7-க்கு மேல் வந்தால் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். பாம்பு பயத்தையும் யானைப் பாசத்தையும் கூட்டிச் சராசரி எடுத்தால் கணக்கு ஏதோ ஓர் எண்ணைத் தரும், அதற்கு அர்த்தம் இருக்காது.

முகாமுக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுபவர்களுக்கு இரண்டு வார்த்தை. முன்பே எல்லாரும் உச்ச மதிப்பெண்ணில் இருந்தால், பின்னால் ஏறுவதற்கு இடமே இருக்காது. கேள்வி எளிது என்று அர்த்தம், முகாம் பயனற்றது என்று அல்ல. அடுத்தது, பேருந்திலிருந்து இறங்கிய கையோடு கேட்டால் உற்சாகத்தைத்தான் அளப்பீர்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி ஒருமுறை போங்கள். முகாமுக்குப் போகாத ஒரு வகுப்பிலும் அதே நாட்களில் கேளுங்கள். இரண்டு தாளையும் ஒரே பிள்ளையோடு பொருத்த, பெயருக்குப் பதில் எண் கொடுத்து, பெயரும் எண்ணும் உள்ள பட்டியலைத் தனியாகப் பூட்டி வையுங்கள். பொருத்தி முடித்ததும் கிழித்துவிடலாம். இப்படிச் செய்தால் "பெயர் எழுத வேண்டாம்" என்பதோடு எண் எதற்கு என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

திரும்பிப் போவது

முடிவை எழுதி அனுப்பியதோடு நிறுத்தாமல், அந்த வகுப்புக்கு ஒருமுறை திரும்பிப் போங்கள். பலகையில் நான்கு பட்டைகள் வரைந்து, தவளையைத் தொடுபவர்கள் இத்தனை பேர், தள்ளிப் போகிறவர்கள் இத்தனை பேர் என்று காட்டினால் போதும். ஒரு கட்டத்தில் இரண்டு மூன்று பேர்தான் இருந்தால் அந்தப் பட்டையைப் பக்கத்துப் பட்டையோடு சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் இடைவேளையில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு, எந்தக் கேள்வியைத் தூக்கிவிடலாம் என்று அவர்களிடமே கேளுங்கள். என்னிடம் ஒரு சிறுமி ஏழாவது கேள்வியைச் சொன்னாள். ஏன் என்றேன். "அதுல நீங்க என்ன எழுதணும்னு நினைச்சீங்களோ அது எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள்.